முறியினால் நிற்பாளா தாதி?

சென்ற மாதத்தில் ஒரு மாலை, நீதிமன்ற அலுவல் முடிந்து நான் வீடு வந்து சேர்ந்தபொழுது வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர் விறாந்தையில் காத்திருந்தார். வெங்காயமும் புகையிலையும் செய்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். காணி வழக்கு, கிணற்றுப் பங்கு வழக்கு என்று முன்னரும் என்னிடம் வந்தவர். ஆதலின் இம்முறையும் எல்லை வேலித் தகராறு ஏதோ ஒன்று என்றே எண்ணினேன். அவர் மடியிலிருந்து எடுத்து நீட்டியதோ காணி உறுதியன்று. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அவர் மகள் கையொப்பமிட்ட உடன்படிக்கையின் பிரதி. பயிற்சி முடிந்ததும் குறித்த காலம் அரசாங்க சேவையில் இருப்பேன், தவறின் இழப்பீடு செலுத்துவேன் என்பது அதன் சாரம். பிணை நின்றவர்களுள் ஒருவர் அவரே.

“தம்பி, பிள்ளை வேலையை விடப்போறன் எண்டு நிக்கிறாள். இந்த முறியை உடைக்க எவ்வளவு காசு கட்டவேணும் எண்டு சொல்லும். மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றார்.

“சம்பளம் காணாதோ ஐயா? வெளிநாட்டுக்கு ஏதும் ஒழுங்கோ?” என்று கேட்டேன்.

அவர் தலையை அசைத்தார். “காசைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லேல்லை. ‘அப்பா, நான் ஒரு நாளைக்கு ஆரையோ சாக விட்டிடுவன் எண்டு பயமாக் கிடக்கு’ எண்டு ரெலிபோனிலை அழுகிறாள்.”

இருபது ஆண்டுகளாக வழக்குரைக்கும் தொழிலில் இருந்து வருகிறேன். உத்தியோகம் வேண்டும் என்று வந்தோர் உண்டு; இடமாற்றம் வேண்டும் என்று வந்தோர் அதனினும் பலர். கிடைத்த அரசாங்க உத்தியோகத்தைப் பணங் கட்டி விட்டொழிக்க வேண்டும் என்று ஒரு கமக்காரத் தந்தை என் முன் வந்து நின்றது இதுவே முதன்முறை. அன்றிரவு அப்பெண்ணுடன் ஒரு மணி நேரம் பேசினேன். அதன் பின்னர் எனக்கு அறிமுகமான வேறு சில இளந் தாதியரையும் விசாரித்தேன். அவ்விசாரணையின் பயனே இக்கட்டுரை.

தாதிமார் ஏன் விலகுகின்றனர் என்று நம்மவரைக் கேட்டால் விடை ஆயத்தமாக இருக்கிறது. பண ஆசை என்பர். பிறநாட்டு மோகம் என்பர். ஏழை மக்களின் வரிப்பணத்தில் படித்துவிட்டு நன்றி மறந்தனர் என்பர். இவற்றுள் முதலாவது கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் இந்நாடு தான் பட்ட வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த வகையற்று நின்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய நூற்றுக்கு 70 வீதம் வரை சென்றது. மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த ஒவ்வொருவரின் கையிலுமிருந்த ரூபாய் பாதியாகத் தேய்ந்தது. அந்நிலையில் அரசாங்கம் செய்தது யாது? அவ்வாண்டு யூன் மாதத்தில் 14/2022 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டு, அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாடு சென்று உழைக்கலாம், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பங்கம் வாராது என்று அறிவித்தது. டொலர் வேண்டியிருந்தது, ஆகவே வாயிலைத் திறந்து வைத்துப் போய் வருக என்றது. திறந்த வாயிலால் வெளியே சென்றவர்களை நன்றி கெட்டவர்கள் என்று தூற்ற எவருக்கு உரிமை உண்டு?

சம்பளத்தைப் பற்றிய மனக்குறை அதன் பின்னரும் தீர்ந்தபாடில்லை. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அரசாங்க ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாகப் படிப்படியாக உயர்த்துவதாகக் கூறிற்று. ஆயின் அதே ஆண்டு மார்ச் மாதத்தில் தாதியர் வீதியில் இறங்கினர். அடிப்படைச் சம்பளம் ஏறும்பொழுது மேலதிக நேரக் கொடுப்பனவு குறையும் என்பதே அவர்தம் முறைப்பாடு. இதன் நுட்பத்தைக் கமக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். நெல்லின் விலையை ஏற்றிவிட்டு மூட்டையின் நிறையைக் கூட்டினால் விற்பவனுக்கு மிஞ்சுவது என்ன?

இவை யாவும் உண்மையே. ஆயினும் நான் பேசிய இளந் தாதியர் ஒருவரும் சம்பளத்தை முதற் காரணமாகக் கூறவில்லை. பத்து ஆண்டு சேவை முடித்தவர் கூறக்கூடும். குடும்பம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்ற பாரம் அவருக்கு உண்டு. ஓர் ஆண்டே நிறையாத புதிய தாதி கூறும் காரணம் வேறு. அதைக் கேட்க எவருக்கும் பொறுமை இல்லாதபடியாற்றான் எல்லோரையும் ஒரே கூடையில் இட்டுப் பேசுகிறோம்.

பயிற்சிப் பாடசாலையில் மூன்றாண்டு அவளுக்கு என்ன கற்பித்தார்கள்? பிணியாளர் ஒருவரின் கட்டிலருகே எவ்வாறு நிற்பது, மருந்தின் பெயரையும் அளவையும் பிணியாளரின் பெயரையும் எவ்வாறு ஒப்பு நோக்குவது, புண்ணை எவ்வாறு கழுவிக் கட்டுவது, படுக்கையிற் கிடப்பவரை எத்தனை மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, இறக்குந் தறுவாயில் உள்ளவரின் உறவினருடன் எவ்வாறு பேசுவது என்று ஒவ்வொன்றையும் முறையாகக் கற்பித்தார்கள். சோதனையில் அவற்றைச் செய்து காட்டியே சித்தியடைந்தாள். நியமனக் கடிதத்துடன் வாட்டுக்குட் புகுந்த முதல் வாரத்தில் அவள் கற்றது வேறொரு பாடம். மாலை 7 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிக்கு முடியும் இரவுச் சேவை. கட்டில்கள் நிறைந்து, கட்டில்களுக்கு இடையிலும் பாய் விரித்துப் பிணியாளர். அவளும் இன்னொரு தாதியும். அந்த இன்னொரு தாதி அவளுக்கு ஆறு மாதமே மூத்தவள்! அறுவைச் சிகிச்சை முடிந்து ஒருவரைக் கொண்டு வருகிறார்கள்; அதே நேரத்தில் ஒரு கிழவருக்கு மூச்சு முட்டுகிறது; வாயிலில் புதிதாக இருவர் வந்து நிற்கின்றனர். புத்தகத்திற் படித்தபடி ஒவ்வொரு ஊசி மருந்தையும் மும்முறை ஒப்பு நோக்கினால் பொழுது விடிந்துவிடும். ஒப்பு நோக்காவிட்டால்?

“விட்டுவிட்டுத்தான் செய்கிறோம் ஐயா. எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் எங்கள் இரவு வேலை” என்றாள் அப்பெண். இவ்வளவு தெளிவாகத் தம் நிலையை எடுத்துரைக்கும் கட்சிக்காரரை நான் மன்றில் அதிகம் கண்டதில்லை.

இது நம் நாட்டில் மட்டும் கண்ட புதுமையன்று. அமெரிக்க நாட்டுத் தாதியியல் அறிஞர் மார்லீன் கிறேமர் என்பார், புதிய தாதியர் ஏன் தொழிலை விடுகின்றனர் என்பதை ஆராய்ந்து 1974இல் ஒரு நூலே எழுதினார். பாடசாலை போதித்த இலட்சியமும் வைத்தியசாலை கேட்கும் வேகமும் மோதும்போது உண்டாகும் அதிர்ச்சியே காரணம் என்பது அவர் முடிபு. 2002இல் பென்சில்வேனியா மாநிலத்து 168 வைத்தியசாலைகளை லிண்டா எய்க்கன் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். தாதி ஒருத்தியின் பொறுப்பில் ஒரு பிணியாளர் மேலதிகமாகச் சேரச் சேர, அறுவைச் சிகிச்சை பெற்றோர் 30 நாட்களுள் இறக்கும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு 7 வீதம் கூடுவதாகவும், தாதியர் மனம் எரிந்து சோரும் வாய்ப்பு 23 வீதம் கூடுவதாகவும் அவர்கள் கண்டனர். ஆகவே “ஆரையோ சாக விட்டிடுவன்” என்று அக்கமக்காரரின் மகள் அழுதது பேதைமையன்று. கணக்கு அவள் பக்கம் இருக்கிறது. கடமையில் அக்கறையற்றவள் அஞ்சமாட்டாள், விலகவுமாட்டாள். அக்கறை உள்ளவளே முதலில் விலகுகிறாள். நாம் இழப்பது நல்லவர்களை என்பதை நினைக்க நினைக்க நெஞ்சு பதைக்கிறது.

சட்டம் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் கூற வேண்டும். மருந்து மாறிவிட்டது, அல்லது அளவு தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விசாரணை நடக்கும். பதிவேட்டில் யாருடைய கையொப்பம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த இரவில் அந்த வாட்டில் எத்தனை பிணியாளர் இருந்தனர், எத்தனை தாதியர் இருந்தனர், எத்தனை தாதியர் இருந்திருக்க வேண்டும் என்ற கேள்விகள் எழும்போது, மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல ஒரு சட்டம் வேண்டுமன்றோ? கலிபோர்னியா மாநிலம் 1999இல் அத்தகைய சட்டம் இயற்றி 2004 முதல் நடைமுறைப்படுத்திற்று. அங்கே சாதாரண வாட்டுகளில் ஐந்து பிணியாளருக்கு ஒரு தாதி, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருவருக்கு ஒரு தாதி. நம் நாட்டுச் சட்டப் புத்தகங்களில் அதற்கு ஒப்பான ஒன்றை நான் கண்டதில்லை. பேருந்தில் இத்தனை பேரே ஏறலாம் என்று இலக்கம் எழுதி வைத்திருக்கிறோம். ஒரு தாதியின் தோளில் இத்தனை உயிரே ஏறலாம் என்று எழுதி வைக்கவில்லை.

இனி, இடத்தையும் மொழியையும் பற்றிச் சொல்ல வேண்டும். இஃது இப்பத்திரிகை வாசகர்களுக்குப் பழகிய விடயந்தான். ஆயினும் வைத்தியசாலைக் கட்டிலில் வைத்துப் பார்க்கையில் அதன் கொடுமை வேறு. தாதியர் நியமனம் கொழும்பிலிருந்து செய்யப்படுவது. நான் கூறிய பெண்ணுக்கு முதல் நியமனம் தெற்கில் ஒரு நகரத்து வைத்தியசாலையில். அவளுக்குத் தெரிந்த சிங்களம் பாடசாலையில் இரண்டாம் மொழியாகக் கற்ற அளவே. பிணியாளர் நோவைச் சொல்லும் சொல் புரியாமல், மேலதிகாரி அவசரத்தில் இடும் கட்டளை பாதி புரிந்து, அவள் படும் அவதியை எண்ணிப் பாருங்கள். அதே வேளையில் வன்னியிலே ஒரு வைத்தியசாலையில், காலியிலிருந்தோ குருநாகலிலிருந்தோ வந்த சிங்களப் பெண் ஒருத்தி, தமிழில் “நெஞ்சு அடைக்குது பிள்ளை” என்று சொல்லும் கிழவியின் முன் திகைத்து நிற்கிறாள். அவளும் ஒரு கமக்காரன் மகளே. அவளும் இரவில் தாய்க்குத் தொலைபேசி எடுத்து அழுகிறாள். இடமாற்றம் கிடைக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவள்மீது எனக்கு யாதொரு கோபமும் இல்லை. இருவரையும் இடம் மாற்றி வைத்த கை மீதே கோபம். இவ்வேற்பாட்டால் இருவரும் தொழிலை வெறுக்கின்றனர். இரு ஊர்ப் பிணியாளரும் வாயிருந்தும் ஊமையராகின்றனர்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் தமிழைத் தள்ளி வைத்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. மறு ஆண்டு பதினாறாம் திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழே நிருவாக மொழி என்று வரைந்தது. எழுத்தில் இருக்கிறது. அரசியலமைப்பின் அந்த உறுப்புரையை வாட்டில் கிடக்கும் கிழவியின் தலைமாட்டில் ஒட்டி வைத்தால் அவளுக்கு நோவு தீருமா? அதே பதின்மூன்றாம் திருத்தம், போதனா வைத்தியசாலைகளும் விசேட தேவைக்கான வைத்தியசாலைகளும் தவிர்ந்த ஏனைய பொது வைத்தியசாலைகளை மாகாணத்தின் கையில் ஒப்படைத்தது. கட்டடம் மாகாணத்துக்கு, அதில் வேலை செய்யும் தாதியைத் தெரிவதும் பயிற்றுவதும் நியமிப்பதும் மத்திக்கு! இது எத்தகைய அதிகாரப் பகிர்வு? வீட்டைக் குத்தகைக்குத் தந்து திறப்பைத் தன் மடியிலே செருகிக்கொள்ளும் வீட்டுக்காரனின் செயல் அன்றோ இது? இந்த அரை அதிகாரத்தையேனும் கேட்டு வாங்கும் மாகாண சபை நமக்கு இருந்ததா என்றால், வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் தேர்தல் இன்றி ஆண்டுகள் பல ஆளுநர் ஆட்சியிலே கழிந்தன.

படித்தவர் ஊரை விட்டுப் போவது இன்று நேற்றுத் தொடங்கிய கதையுமன்று. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்ற இளைஞர்கள் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியூர் செல்லத் தலைப்பட்டனர். கிறீன் என்ன செய்தார்? அவர்களிடம் முறி எழுதி வாங்குவதை மருந்தாகக் கொள்ளவில்லை. 1860களிலே போதனையைத் தமிழுக்கு மாற்றினார். மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். தமிழிற் கற்றவர் தம் கிராமத்து மக்களிடையே நிலைப்பர் என்று கருதினார். அவர் வழி முழுவதும் இக்காலத்துக்கு ஒவ்வாது. இன்றைய தாதிக்கு ஆங்கிலம் இன்றியமையாதது. ஆயினும் ஆள் நில்லாதபோது ஆளைக் குற்றஞ் சாட்டாமல் தம் ஏற்பாட்டையே திருத்திய அவர் மனப்பாங்கு, நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் நம் சுகாதார அமைச்சுக்கு வாய்க்கவில்லையே!

அரசாங்கத்தைச் சாடிவிட்டு அமர்ந்துவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நம் பங்கையும் சொல்லாது விடுவது நேர்மையாகாது. நம் வீடுகளில் பிள்ளை வைத்தியராக வேண்டும், பொறியியலாளராக வேண்டும். இரண்டும் வாய்க்காதபோதுதான் தாதி. கலியாணப் பேச்சு வந்தால், இரவு வேலை பார்க்கும் பெண்ணா என்று முகத்தைச் சுளிக்கிறோம். நோயென்று படுத்தால் “மிஸி, மிஸி” என்று கூப்பிடுகிறோம். எழுந்து நடமாடத் தொடங்கினால் அதே மிஸியுடன் பார்வையாளர் நேரத்துக்காகச் சண்டை பிடிக்கிறோம். இவ்வூரில் இனுவில் மக்கிளவுட் வைத்தியசாலை 1898இல் தோன்றிய காலந்தொட்டு, வீட்டுப் படி தாண்டி இத்தொழிலுக்குப் புகுந்த நம் பெண்கள் எத்தனை ஏச்சைத் தாங்கினர் என்பதைப் பழைய தலைமுறையினர் அறிவர்.

என் பங்கும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். வன்னியில் நியமனம் பெற்ற தாதியரை யாழ்ப்பாணத்துக்கு மாற்றித் தருமாறு அவர்தம் பெற்றோர் கேட்டபோது, கட்சிக்காரர் என்ற முறையிலும் வேண்டியவர் என்ற முறையிலும் நான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றல்ல, ஐந்தாறு இருக்கும். ஒவ்வொரு கடிதமும் ஒரு குடும்பத்துக்கு நன்மை செய்தது. ஒவ்வொரு கடிதமும் எங்கோ ஒரு வாட்டில் இரவில் மூவர் நின்ற இடத்தில் இருவரை விட்டது. அந்த இருவரில் ஒருத்தி, சிபாரிசு எழுத ஆள் இல்லாத ஏழை வீட்டுப் பெண்ணாக இருந்திருப்பாள். நம் பாராளுமன்ற உறுப்பினரும் இதையே செய்கின்றனர். பொதுவில் ஆள் பற்றாக்குறை என்று முழங்குவது, தனியில் இடமாற்றக் கடிதம் நீட்டுவது. இனி அத்தகைய கடிதத்துக்கு என் பேனா எழாது.

வேண்டுவது யாது? ஒரு தாதிக்கு இத்தனை பிணியாளர் என்ற அளவைச் சட்டமாக்குமாறு நம் உறுப்பினர் பாராளுமன்றத்தில் தனிநபர் பிரேரணை ஒன்றையேனும் கொண்டுவரட்டும். ஒரே நாளில் கலிபோர்னியாவின் அளவை எட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். பத்து ஆண்டுத் திட்டமாக இருக்கட்டும். அளவு என்று ஒன்று எழுத்தில் இருந்தாற்றான் அது மீறப்படுகிறது என்று முறையிடலாம். அதற்கு முன்பாகவே, ஒரு சதமும் செலவின்றிச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு வாட்டிலும் எத்தனை பிணியாளர், எத்தனை தாதியர் என்ற எண்ணிக்கையை வாயிலில் ஒரு பலகையில் எழுதி வைப்பதே அது. அபிவிருத்திக் குழு உள்ள வைத்தியசாலைகளில், அக்குழுவில் அமர்ந்திருக்கும் ஆசிரியரும் வர்த்தகரும் கமக்காரரும் இதைக் கேட்கலாம். நீர்த்தாங்கி கட்டவும் நிறப்பூச்சுப் பூசவும் பணம் சேர்க்கிற நாம் இந்தக் கணக்கை ஒருநாளேனும் கேட்டதுண்டா?

புதிய தாதியை முதல் ஆறு மாதமேனும் இரவு வாட்டில் தலைமைப் பொறுப்பில் விடாது, அனுபவம் மிக்க ஒருவரின் அருகே வைத்துப் பழக்க வேண்டும். முதல் நியமனம் அவள் மொழி பேசும் மாகாணத்துக்குள் அமைய வேண்டும். மாகாணத்துக்குள் வன்னியிலும் தீவிலும் மன்னாரிலும் குறித்த காலம் எல்லோரும் முறைவைத்துச் சேவை செய்ய வேண்டும், சிபாரிசுக்கு இடமின்றி. அப்படிச் செல்பவளுக்குப் பூட்டுள்ள கதவும் தண்ணீரும் உள்ள தாதியர் விடுதி வேண்டும். மாலைச் சேவை முடிந்து 7 மணிக்குப் பின் வீடு திரும்புகிறவளுக்குப் பேருந்து வேண்டும். இவற்றுள் எது ஆகாயத்து நிலவு?

பணம் எங்கே என்பர். மூன்றாண்டு உணவும் உதவிப்பணமும் போதனையும் தந்து ஒருத்தியை ஆளாக்கி, ஓராண்டில் அவளைப் பிரித்தானியாவுக்கோ வளைகுடாவுக்கோ இனாமாகத் தாரைவார்ப்பது சிக்கனமா? உலக சுகாதாரத் தாபனம் 2010இல் ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்று, வறிய நாட்டு வைத்திய ஊழியரைச் செல்வ நாடுகள் அள்ளிச் செல்லலாகாது என்று அறிவுறுத்தியது. அது கட்டுப்படுத்தும் சட்டமன்று, நற்புத்தியே. செல்வ நாடுகளின் நற்புத்தியை நம்பி நம் வாட்டுகளை நடத்த முடியாது.

கமக்காரருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று வாசகர் கேட்கலாம். உடன்படிக்கையை வாசித்துப் பார்த்தேன். கட்ட வேண்டிய தொகை எவ்வாறு கணிக்கப்படும் என்பதை அவருக்கு விளக்கினேன். இரண்டு போகம் வெங்காயத்துக்கு விலை கிடைத்தால் அவரால் கட்ட இயலும். பெண்ணிடமோ, கையொப்பமிடும் முன்னர் ஒன்று செய்யச் சொன்னேன். ஒவ்வோர் இரவுச் சேவையிலும் எத்தனை பிணியாளர், எத்தனை தாதியர் என்று திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வைக்குமாறும், எவர் பெயரும் அதில் வேண்டாம் என்றும் சொன்னேன். சரி ஐயா, ஒரு மாதம் பார்க்கிறேன் என்றாள். நேற்று வந்த தகவலின்படி பதினொரு இரவுகள் எழுதியிருக்கிறாள். இன்னும் இராசினாமாக் கடிதம் கொடுக்கவில்லை.